அவசரப் பிரிவில் லேப் டெக்னீஷியனுக்கு என்ன வேலை?

கேள்வி: காரைக்குடி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் டெக்னீஷியனை அவசரப் பிரிவிலேயே உட்கார வைக்கப்போகிறார்களாம். ரத்தம் எடுக்க நர்ஸ் போதாதா?

எடுக்க நர்ஸ் போதும். எடுத்ததைக் கெடாமல் பார்த்துச் சொல்லத்தான் ஆள் வேண்டும். நம் பக்கம் கண்மாய்க்கரையில் பாம்பு கடித்து வருகிறவர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்று கொண்டு, விஷமுறிவு மருந்தைத் தொடங்குவார்கள். (கட்டுவிரியன், நல்லபாம்பு கடி இதில் பிடிபடாது.) 6 மணி நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும்.

கேட்க எளிதுதான். ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புப் போட்டுக் கழுவியதாக இருந்தாலோ நல்ல ரத்தமும் உறையாது. கூட்டத்தில் திணறும் நர்ஸ் இதையும் கவனிக்க வேண்டும் என்பது நியாயமில்லை.

ஊசியில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து, பரிசோதனையில் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். டெக்னீஷியன் பக்கத்தில் இருந்தால் உடனே மறுபடி எடுக்கலாம்.

நோயைத் தீர்மானிப்பது டாக்டர்தான், அதில் மாற்றமில்லை. இரவு ஷிஃப்டுக்கும் ஆள் போடுகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.