'ஆகிவிட்டாள்' என்பதுதான் சிக்கல்

ஐயா,
என் அக்கா மகள் டயட் இருந்து எட்டுக் கிலோ குறைத்துவிட்டுப் படம் அனுப்பினாள். பாராட்டுவதாக நினைத்து 'யூ லுக் இமேசியேட்டட்' என்று பதில் போட்டேன். இரண்டு நாளாக இந்த மாமாவிடம் பேச்சே இல்லை. அகராதியில் 'மிக மெலிந்த' என்றுதானே போட்டிருக்கிறது?
ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

அகராதி பொய் சொல்லவில்லை, பாதியோடு நிறுத்திவிட்டது. இமேசியேட்டட் என்பது ஒருவரின் உடல்வாகைச் சொல்வதில்லை. அவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறது. பட்டினியோ நோயோ உருக்கிவிட்ட உடம்பு. லத்தீனில் 'மாக்கியெஸ்' என்றால் மெலிவு, அதிலிருந்து வந்த சொல். அற்பமான தொகையைச் சொல்லும் 'மீகர்' அதற்குப் பங்காளி.

தமிழிலும் இந்த வேறுபாடு உண்டு. ஒல்லி, ஒடிசல் எல்லாம் பிறவி வாகு. 'எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாள்' என்றால் கேட்பவர் உடனே 'ஐயோ, என்ன ஆச்சு?' என்பார். அந்த 'ஆகிவிட்டாள்' ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சொல் பொருந்தும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால், 1876-78இல் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம். 1877இல் நிவாரண வேலையில் நாள் முழுக்க உழைத்த ஆணுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓரணாவும்தான் கூலி என்று, பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க ஆங்கில அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். அந்தக் கூலியில் வேலை செய்த உடம்புகளுக்கு உரிய சொல் இது.

இன்னொரு இடமும் உண்டு, உங்கள் மருமகளிடம் சொல்லிவிடாதீர்கள். இறைச்சி மாடுகளின் உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் போடும் ஒரு முறையில், 1 வாங்கும் மாடு இமேசியேட்டட்.

சரி, என்ன எழுதியிருக்கலாம்? 'ஸ்கின்னி' வேண்டாம், அதில் கேலி கொஞ்சம் கலந்திருக்கிறது, ஜீன்ஸோடு நிற்கட்டும். 'ஸ்லிம்' போதும். டச்சு மொழியில் அதே சொல்லுக்குக் கெட்டிக்காரி என்று பொருள், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் இந்த முறை எழுத வேண்டாம், போனில் கூப்பிடுங்கள்.