கேள்வி–பதில்: மாஷி மன்னர் டெய்லர்

கே: பழைய கோல்ஃப் வீரர் ஜே.எச். டெய்லர் பந்தை வெகுதூரம் அடிப்பவரில்லை என்கிறார்களே, பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியான ஓப்பனில் ஐந்து முறை பட்டம் எப்படிக் கிடைத்தது? (கோவை வாசகர்)

ப: நேராக அடித்ததால்தான். 1894-ல் ஓப்பன் முதன்முறையாக ஸ்காட்லாந்தைத் தாண்டி இங்கிலாந்தின் சாண்ட்விச்சுக்கு வந்தது. பந்து கொஞ்சம் விலகினாலும் மணற்குழியில் விழும் மைதானம் அது. நான்கு சுற்றுக்கும் சேர்த்துப் பந்தை 326 முறை அடித்து டெய்லர் ஜெயித்தார் (கோல்ஃபில் குறைவான முறை அடிப்பவருக்கே வெற்றி). அவருக்கு முன் வென்ற ஆங்கிலேயர்கள் ஜான் பால், ஹெரால்டு ஹில்டன் இருவரும் அமெச்சூர்கள்; தொழில்முறை ஆட்டக்காரர்களில் இவரே முதல் ஆங்கிலேயர்.

அவருக்குக் கைவந்த மட்டை மாஷி. இன்றைய 5-ம் எண் இரும்பு மட்டைக்கு ஏறக்குறைய இணை. பாதங்கள் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்வார். மட்டையை அதிகம் பின்னுக்கு ஓங்கமாட்டார். மணிக்கட்டை இறுக்கமாக வைத்து, முதலில் பந்து, அப்புறம் புல் என்று கீழ்நோக்கி அடிப்பார். பந்து தாழ்வாகப் போகும். கடற்கரைக் காற்று அதை அவ்வளவாக அலைக்கழிக்காது. விழுந்த இடத்தருகே நின்றுவிடும். இதைப் பழகுகிறவர்கள் செய்யும் தவறு, பந்தை மேலே கிளப்ப நினைத்து மணிக்கட்டால் அள்ளுவது. மட்டையின் கீழ்விளிம்பு பந்தின் நடுவில் பட்டு, அது தரையோடு ஓடிவிடும். கிளப்புகிற வேலையை மட்டைமுகத்தின் சாய்வு பார்த்துக்கொள்ளும்.

கே: அப்போதைய பந்து எப்படிப்பட்டது? (மதுரை வாசகர்)

ப: 'கட்டி' என்பார்கள், மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் செய்தது. வழவழப்பான புதுப்பந்து சரியாகப் பறக்காது, கீறல் விழுந்தபின் நன்றாகப் பறக்கும். அதனால் செய்யும்போதே மேலே வரிவரியாக வெட்டிவிட்டார்கள். குளிரில் உடைந்தால் வெந்நீரில் இளக்கி மறுபடி உருட்டலாம். ரப்பர் நூல் சுற்றிய பந்து 1902-ல் சாண்டி ஹெர்டு என்ற ஆட்டக்காரருக்கு ஓப்பன் பட்டம் வாங்கித் தந்ததும் கட்டியின் காலம் முடிந்தது. டெய்லர் 1894, 1895, 1900 பட்டங்களைக் கட்டியிலும், 1909, 1913 பட்டங்களைப் புதுப்பந்திலும் வென்றார். பந்து மாறியும் ஜெயித்ததே அவர் திறமைக்கு நல்ல அத்தாட்சி.

கே: போட்டிப் பரிசை வைத்தே குடும்பம் நடத்தினாரா? (திருச்சி வாசகர்)

ப: முடியாது. 1894 பரிசு 30 பவுண்டுதான். கிளப் சம்பளம், பாடம் சொல்லித்தருவது, மட்டை செய்து விற்பது இவைதான் பிழைப்பு. கிளப்புகள் மட்டைக்கடை உரிமையை அதிக விலை கேட்பவருக்கு ஏலம் விட நினைத்தால் பிழைப்பே போய்விடும். அந்த அச்சத்தில் 1901-ல் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சங்கம் பிறந்தது. முதல் தலைவர் டெய்லர். நலிந்தவர்களுக்கு உதவி நிதி, வேலையில்லாதவர்களுக்கு வேலை தேடித்தருவது இரண்டும் தொடக்கத்திலேயே அதன் நோக்கங்களில் இருந்தன. என்னைக் கேட்டால், ஐந்து பட்டங்களைவிடப் பெரியது இது.