வைட்டமின் சி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: சளி பிடித்ததும் வைட்டமின் சி மாத்திரை போட்டால் சீக்கிரம் விடுமா?

பதில்: விடாது. சளி வந்த பிறகு மாத்திரையைத் தொடங்கிப் பலன் கண்டதாக ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. முன்பிருந்தே தினமும் எடுத்துவரும் பெரியவர்களுக்கு சுமார் 8 சதவீதம் சீக்கிரம் குணமாகிறது. ஒரு வாரச் சளியில் அரை நாள், அவ்வளவுதான்.

கேள்வி: கீரை, பருப்பு என்று நிறையச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேன் என்கிறது. ஏன்?

பதில்: இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹீமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து வேண்டும். ஆனால் தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தைக் குடல் லேசில் உறிஞ்சிக்கொள்ளாது. அதை உறிஞ்சத் தோதான வடிவத்துக்கு மாற்றித் தருவது வைட்டமின் சி. ஆனால் இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் போக வேண்டும். காலையில் ஆரஞ்சு, மதியம் கீரை என்றால் பிரயோஜனமில்லை. கீரையை இறக்கி, சூடு தணிந்ததும் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். கூடவே இரண்டு துண்டு கொய்யா. சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம். ஒரு மணி நேரம் போகட்டும். இதற்கும் ஏறாவிட்டால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

பதில்: அமெரிக்கப் பரிந்துரைப்படி ஆண்களுக்கு 90 மி.கி., பெண்களுக்கு 75. புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் 35 கூட வேண்டும். 100 கிராம் கொய்யாவிலேயே 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது.

கேள்வி: சமைத்தால் எல்லாம் போய்விடுமா?

பதில்: எல்லாம் போகாது. சூடு ஒரு பக்கம் அழிக்கும், வேகவைத்த தண்ணீரில் கரைந்து ஒரு பக்கம் போகும். காயைக் கழுவிவிட்டு நறுக்குங்கள், ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் வேகவைத்தால் அதைக் கொட்டாமல் சூப்பில் சேருங்கள்.

கேள்வி: பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. குறைபாடா?

பதில்: பெரும்பாலும் ஈறு நோய்தான், பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல வாரங்கள் பழம், காய் எதுவுமே சாப்பிடாதவர் என்றால் வைட்டமின் சி குறைபாட்டால் வரும் ஸ்கர்வி நோயையும் யோசிக்க வேண்டும். திசுக்களைப் பிணைக்கும் கொலாஜன் என்ற புரதம் உருவாக வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் ஈறு வீங்கி ரத்தம் கசியும், ஆறிய புண்கூடத் திறந்துகொள்ளும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, வெவ்வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர்தான் மளமளவென்று தேறினார்கள்.

கேள்வி: தினமும் 1000 மி.கி. மாத்திரை போடுகிறேன். தொடரலாமா?

பதில்: தேவைக்கு மேல் போவதில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். பெரியவர்களுக்கு உச்சவரம்பு 2000 மி.கி.; அதைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரலாம். உங்களுக்கு முன்பு சிறுநீரகக் கல் வந்திருந்தால், இந்த அளவை மருத்துவரிடம் கேட்காமல் தொடராதீர்கள்.