வீட்டுக்கல்வியும் வீட்டுச் செலவும்: கேள்வி பதில்

இரண்டு பிள்ளைகளை ஒன்பது வருடமாக வீட்டிலேயே படிக்க வைக்கிறேன். வரவு செலவு நோட்டை ஒருநாளும் விட்டதில்லை. அந்த ஒரு தகுதியில்தான் பதில் சொல்கிறேன்.

அக்கா, அடுத்த மாதம் தொடங்குகிறோம். ஒரு வருடத்துக்கான முழுப் பாடத் தொகுப்பு தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா?

வேண்டாம். பிள்ளை எப்படிப் படிக்கும் என்று தெரிவதற்கு முன்னால் வாங்குவது, கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்குவது மாதிரி. என் முதல் தொகுப்பில் பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. மூன்று மாதம் நூலகத்தை வைத்து ஓட்டுங்கள். அதற்குள் எது தேவை என்று தெரிந்துவிடும்.

பிள்ளைகள் பகல் முழுக்க வீட்டில் இருப்பதால் மின் கட்டணம் ஏறிவிட்டது. எங்கே குறைக்கலாம்?

நல்ல கேள்வி. வாட்டை மணி நேரத்தால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் யூனிட். 60 வாட் குண்டு பல்பு 10 மணி நேரம் எரிந்தால் 0.6 யூனிட். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு 0.09. ஆனால் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினாலே ஒரு முழு யூனிட் போச்சு. அந்த எல்.இ.டி.யை அதே ஒரு யூனிட்டில் 111 மணி நேரம் எரிக்கலாம். பல்பை அணைக்கவில்லை என்று பிள்ளையைத் திட்டுவதை விட்டு, சூடாக்குகிற, குளிரவைக்கிற சாமான்களை முதலில் பாருங்கள்.

இந்தக் கணக்கைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். என் பெரியவன் பத்து வயதில் வீட்டுச் சாமான் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டான். மூன்று வாரத்துக்குத் தசமக் கணக்கு அதுதான். ஃபிரிட்ஜ் விட்டு விட்டு ஓடும், அதற்கு இந்தப் பெருக்கல் ஒத்துவராது. அதனால் இரவு படுக்கும்போதும் காலையிலும் மீட்டரைக் குறித்துப் பார்த்தான். பாதி காலியாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் இரண்டாவது ஃபிரிட்ஜ் அப்படித்தான் மாட்டியது.

முழுத் தொகுப்பைப் பழையதாக வாங்கினால் பரவாயில்லையா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பயிற்சித்தாள் அச்சடித்தே மை தீர்ந்துவிடுகிறது. எந்தப் பிரின்டர் நல்லது?

கறுப்பு வெள்ளை லேசர். இங்க்ஜெட்டைச் சும்மா வைத்திருந்தால் மை காய்ந்து முனை அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்வதற்கும் உங்கள் மைதான் செலவாகும். லேசரின் டோனர் பொடி, காயாது.

லேசர் எதற்கு? எங்கள் வீட்டில் பிரின்டரே கிடையாது. வெள்ளைப் பலகையில் எழுதி அழிக்கிறோம்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதும் வயதில் பலகை போதாது.

கட்டுரைக்கு நோட்டு இருக்கிறதே அக்கா! பயிற்சித்தாள் அச்சடிக்கும் பழக்கமே பள்ளிக்கூடத்தைக் காப்பி அடிப்பதுதான்.

கொஞ்சம் வலிக்கிறது, ஆனால் நியாயம்தான். என் நோட்டைப் புரட்டினேன். போன வருடம் காகிதத்துக்கும் டோனருக்கும் போன பணம், புத்தகத்துக்குப் போனதைவிட அதிகம். ஆனாலும் வரைபடத்தாளைப் பலகையில் எப்படிக் கொடுப்பீர்கள்?

ஒரே ஒரு தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மேலே எழுதி அழிப்போம்.

சரி, தோற்றேன்.

தனித்தேர்வுக்கு எப்படிப் பதிவு செய்வது?

உங்கள் ஊர்க் கல்வித்துறையைக் கேளுங்கள். எனக்குக் கணக்கு நோட்டு மட்டும்தான் தெரியும்.

மனைவி வேலையை விட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நினைக்கிறார். சமாளிக்க முடியுமா?

உண்மையான பெரிய செலவு இதுதான். மை, பல்பு எல்லாம் சில்லறை. ராஜினாமாவுக்கு முன்னால் மூன்று மாதம் ஒரே சம்பளத்தில் வாழ்ந்து பாருங்கள். மற்ற சம்பளத்தைத் தொடவே கூடாது. எந்த மாதம் கை வைக்கிறீர்களோ, எதற்காக என்று எழுதி வையுங்கள். அந்தத் தாளை இருவரும் சேர்ந்து படித்துவிட்டு முடிவெடுங்கள். யார் வேலையை விடுவது என்பதையும் அப்போதே பேசுங்கள். அவர்தான் விட வேண்டும் என்று யார் சொன்னது?

அக்கா, இன்னொரு நிறுவனம் முழுத் தொகுப்போடு பிரின்டரும் இலவசமாகத் தருகிறதாம்...

நான் தூங்கப் போகிறேன்.