கேட்டிருந்தீர்கள்: ஆந்தை, வண்டு, இடி, காலை இருட்டு

காலை ஏழு மணிக்கும் இருட்டாகவே இருக்கிறதே, பூமி சுற்றுவது மாறிவிட்டதா?

மாறியது கடிகாரம்தான். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று 1982 ஜனவரி 1-ல் நம் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள். அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வரும்போது மணி ஒன்றேகால் ஆகிவிடும். பகல் நீளம் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான், கூடக் குறைய அரை மணிதான் வித்தியாசம்.

இடி எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று எப்படித் தெரியும்?

மின்னல் தெரிந்ததும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் கேட்கும்வரை எத்தனை விநாடியோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் சத்தம் வந்தால் திடலை விட்டு வீட்டுக்குள் போங்கள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள், போன மாதமும் சொன்னேன். காருக்குள் இருக்கலாம். ஆனால் காப்பாற்றுவது ரப்பர் டயர் இல்லை, சுற்றியிருக்கும் இரும்புக் கூடு.

இது என்ன பூச்சி? (படம் மட்டும்)

மங்கலான படம். எந்த ஊர், எந்தச் செடி, எவ்வளவு பெரிசு, ஒன்றுமே இல்லை. பக்கத்தில் ஒரு பத்து காசை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.

செம்பனை (எண்ணெய்ப் பனை) பூவில் சின்னச் சின்ன வண்டுகள் மொய்க்கின்றன, மருந்தடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம்! குலை காய்ப்பதே அந்த வண்டால்தான். 1981-ல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு முன் மகரந்தத்தை ஆட்கள் கையால் தூவினார்கள், வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பூ சோம்பு வாசம் அடிக்கும், அந்த வாசத்துக்குத்தான் வண்டு வருகிறது. மருந்தைத் தொடும் முன் பூச்சி என்ன செய்கிறது என்று ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்கள்.

லயத்து வீடுகளுக்குப் பின்னால் தோட்டத்தார் ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிறார்கள், ராத்திரியெல்லாம் அலறல். வீட்டில் பெரியவர் படுத்த படுக்கையாக இருக்கிறார், பயமாக இருக்கிறது. எடுக்கச் சொல்லலாமா?

பெரியவர் நலமடையட்டும். பெட்டி அங்கேயே இருக்கட்டும். அது கூகை, வெள்ளை முகம், இதய வடிவம். 'ஊ ஊ' என்று கத்தாது, கிறீச்சென்று அலறும், அதனால்தான் இவ்வளவு பயம். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப் பறவை என்றுதான் சொல்கிறார்கள். அது ராத்திரிக்கு ராத்திரி கத்துகிறது. கத்தியும் யாரும் சாகாத இரவுகளை யாராவது எண்ணி வைக்கிறோமா? ஒரு சாவு விழுந்த இரவு மட்டும் மனசில் நின்றுவிடுகிறது. அது வந்திருப்பது எலிக்காக. செம்பனைப் பழத்தைக் கடித்து நாசமாக்கும் எலியை ஒரு கூகை ராத்திரிக்கு இரண்டு மூன்று பிடிக்கும், குஞ்சு இருந்தால் இன்னும் கூட. அதன் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை, ஒன்று மேலே, ஒன்று கீழே, அதனால் கும்மிருட்டிலும் எலி நகரும் சத்தத்தை வைத்தே இடம் கண்டுபிடித்துவிடும், சிறகும் சத்தம் போடாது. போன வருஷம் இங்கே ஒரு பெட்டியைக் குஞ்சுகளோடு கீழே தள்ளினார்கள். நான் போய்ப் பார்க்கும்போது இரண்டு செத்துக் கிடந்தன, இன்னும் மனசு ஆறவில்லை. அதே ஆட்கள் அப்புறம் எலி பாஷாணம் வாங்கி வைத்தார்கள். பாஷாணம் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடும், அதைத் தின்கிற கூகையும் சாகும். மருந்தைத் தொடும் முன் பாருங்கள் என்று சொல்வது இதற்கும்தான். பெட்டிக்குக் கீழே கூகை கக்கிய உருண்டை கறுப்பாகக் கிடக்கும், கையுறை போட்டுப் பிரித்தால் எலி எலும்பு முழுசாக இருக்கும். பெரியவருக்கே காட்டுங்கள்.

பால்மரத்தை (ரப்பர் மரத்தை) ஏன் விடியும் முன்னே வெட்டுகிறார்கள்?

வெயில் ஏறினால் இலை வழியே தண்ணீர் போய்ப் பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் வடிவதும் குறையும்.

பாம்பு பால் குடிக்குமா?

குடிக்காது.

நான்காம் ஆண்டு மாணவி: தொட்டாற்சிணுங்கி ஏன் மூடுகிறது?

நல்ல கேள்வி, கண்ணு. இலைக்காம்பின் அடியில் சின்னப் புடைப்பு இருக்கும். தொட்டதும் அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறிவிடும், அந்தப் பக்கம் தளர்ந்து இலை சாய்கிறது. மறுபடி விரிய எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி அனுப்பு. ராத்திரியில் தொடாமலே மூடியிருக்கும். டார்ச் எடுத்துப் போய்ப் பார், ஆனால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ, பாம்பு நடமாடும் நேரம்.