பல காஸ்மோஸ் டிபி கணக்குகளில் உள்ள தரவை ஒரே தரவுத்தளத்தில் சேர்ப்பது எப்படி?

கிளைக்கு ஒரு காஸ்மோஸ் டிபி (மைக்ரோசாஃப்ட் அஷூரின் மேகத் தரவுத்தளம்) கணக்கு இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் தொடர்ந்து சேர்த்துக்கொண்டே இருக்க வழி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "குளோபல் ரெப்ளிகேஷனை இயக்கினால் போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரே கணக்கின் தரவைச் சென்னை, சிங்கப்பூர் என்று பல பிராந்தியங்களில் வைத்துக்கொள்ளும் வசதி. இரண்டு கணக்குகளை அது ஒருநாளும் ஒன்றாக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமலே, அரை நாள் வேலை என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தவர்களை என் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் இந்தப் பதிலில் ஆங்காங்கே எட்டிப் பார்த்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. கிளைகள் வெவ்வேறு காலத்தில் சேர்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் செய்தவர் வேறு. இப்போது முதலாளிக்கு எல்லாக் கிளைகளையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். கொழும்பில் நான் செய்த வேலையும் இதேதான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று கிளைகள் உள்ள ஒரு பாமசி (மருந்துக் கடை) நிறுவனம், ஒவ்வொரு கிளைக்கும் தனிக் கணக்கு.

வழி சேஞ்ச் ஃபீட்தான். ஒரு கண்டெய்னரில், அதாவது ஆவணங்களை வைக்கும் தொகுப்பில், புதிதாகச் சேரும் ஆவணங்களையும் மாறும் ஆவணங்களையும் அவை மாறிய வரிசையில் சேஞ்ச் ஃபீட் தந்துகொண்டிருக்கும். அதைப் படித்து, சேரும் இடத்துத் தரவுத்தளத்தில் எழுதும் நிரல் ஒன்றை நாம் ஓட்ட வேண்டும். தொடக்கத்திலிருந்து படிக்கச் சொன்னால் ஏற்கனவே இருக்கும் ஆவணங்களும் வந்துவிடும், பழைய தரவுக்கென்று தனி ஏற்பாடு தேவையில்லை. ஆனால் அந்த வரிசை ஒரே பார்ட்டிஷன் கீக்குள் (ஆவணங்களைப் பிரித்து வைக்கப் பயன்படும் புலத்தின் ஒரே மதிப்புக்குள்) மட்டும்தான் உறுதி. எதுவரை படித்தோம் என்பதைக் குறித்துவைக்கும் லீஸ் கண்டெய்னரைச் சேரும் இடத்துக் கணக்கில் வையுங்கள். அப்படி வைத்தால் கிளைக் கணக்குகளிடம் வாசிப்புச் சாவி மட்டும் கேட்டால் போதும். என் வேலையில், கிளை மென்பொருளைப் பராமரித்தவர்கள் எழுதும் அனுமதி தர மறுத்தார்கள். அது நியாயமான மறுப்பு, நானும் மறுத்திருப்பேன். வாசிப்புக்கும் கிளைக் கணக்கின் ரிக்வெஸ்ட் யூனிட்தான் (ஒவ்வொரு வாசிப்பையும் எழுத்தையும் அளக்கும் அலகு) செலவாகும் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாலைக் கூட்ட நேரத்தில் அந்த அலகு போதாமல் கவுண்டரில் 429 பிழை வந்தால் பழி உங்கள் தலையில்தான் விழும்.

இனித்தான் விஷயமே இருக்கிறது. ஒரு மாற்றம் ஒரு தடவைக்கு மேலும் வந்து சேரலாம், ஆகவே அப்சர்ட் முறையில்தான் எழுத வேண்டும். அப்சர்ட் என்றால், அதே பார்ட்டிஷனில் அதே ஐடி இருந்தால் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெள்ளவத்தையில் பற்றுச்சீட்டு 10452 நீரிழிவு மாத்திரைக்கு, கொட்டாஞ்சேனையில் அதே 10452 குழந்தைப் பால்மாவுக்கு. இரண்டையும் அப்படியே கொண்டுவந்தால் ஒன்று சத்தமில்லாமல் மறைந்துவிடும், கணக்காளர் மாத முடிவில் தலையைப் பிய்த்துக்கொள்வார். நான் கிளைக் குறியீட்டை ஐடியின் முன்னால் ஒட்டினேன், கிளை என்ற புலத்தைத் தனியாகவும் சேர்த்தேன். ஒட்டுவதற்கு இணைகோட்டைப் பயன்படுத்துங்கள். சாய்கோடு, கேள்விக்குறி, ஹேஷ் ஆகியவற்றை ஐடியில் வைக்கக் கூடாது.

அடுத்தது நீக்கம். சேஞ்ச் ஃபீட் இயல்பான முறையில் நீக்கங்களைத் தராது. கிளையில் இரத்துச் செய்து அழித்த பற்றுச்சீட்டு தலைமை அலுவலகத்தில் விற்பனையாகவே நிற்கும். கிளை மென்பொருளில் அழிப்பதற்குப் பதிலாக "நீக்கப்பட்டது" என்று ஒரு புலத்தைக் குறித்து, டிடிஎல் (ஆவணத்தின் ஆயுட்காலம்) வைத்து, சில நாட்களில் ஆவணம் தானாக மறையும்படி செய்ய வேண்டும். அந்த டிடிஎல் புலத்தைச் சேரும் இடத்துக்கும் எடுத்துச் செல்வதா என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். எல்லாப் பதிப்புகளையும் நீக்கங்களையும் தரும் முறை ஒன்றும் இருக்கிறது. அதற்குத் தொடர் காப்புப்பிரதி இயங்க வேண்டும், அது பேணும் காலத்துக்கு முந்தையதைப் படிக்க முடியாது. என் வேலையில் ஒரு கிளையில் அது இல்லை, ஆகவே குறியிடும் வழியைத்தான் எடுத்தேன்.

நான் உண்மையில் சண்டை பிடித்தது வாடிக்கையாளர் பதிவுகளுக்காக. ஒரே ஆள் மூன்று கிளைகளிலும் இருப்பார். தொலைபேசி இலக்கத்தை வைத்து ஒன்றாக்கிவிடுங்கள் என்றார் அவர்களுடைய முகாமையாளர். நம் வீடுகளில் ஒரே இலக்கத்தைத் தாயும் மகளும் மாமியாரும் கொடுப்பார்கள். அந்தப் பதிவில் "பெனிசிலின் ஒவ்வாது" என்ற குறிப்பு இருக்கிறது. அது வேறொருவர் பெயருக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்று கூட்டத்தில் சொன்னேன். தேசிய அடையாள அட்டை இலக்கம் பொருந்தினால்தான் இணைப்பது என்று கடைசியில் முடிவானது. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 2016இல் 12 இலக்க எண் வந்தது, அதற்கு முந்தையது 9 இலக்கமும் ஓர் எழுத்தும். பழையதன் முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட்டால் புதிய எண் கிடைக்கும். இரண்டையும் இப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட்டேன். அட்டை இல்லாத பிள்ளைகளின் பதிவுகளைத் தொடவே இல்லை, தனித்தனியாகவே இருக்கட்டும்.

பெயரை வைத்து ஏன் ஒப்பிடவில்லை என்று கேட்பீர்கள். தமிழரின் பெயரை எந்தப் பெட்டியில் எழுதுவது என்று இந்த மென்பொருள்கள் இன்றுவரை யோசித்ததே இல்லை. குடும்பப் பெயர் கட்டாயம் என்று நட்சத்திரக் குறி போட்டுவிடுகிறார்கள். ஒரு கிளையில் தந்தையின் பெயரை அங்கே எழுதியிருக்கிறார்கள், இன்னொன்றில் அந்தப் பெண்ணின் சொந்தப் பெயரே அங்கே கிடக்கிறது. மருந்து தயார் என்று வரும் குறுஞ்செய்தி, காலமாகிவிட்ட தகப்பனாரின் பெயரைச் சொல்லி மகளை அழைக்கிறது. இது நீங்கள் கேட்ட கேள்வி இல்லை, தெரியும். ஆனாலும் பெயருக்கு ஒரே ஒரு பெட்டி வைத்தால் என்ன குறைந்துவிடும்? இந்த ஊரில் மென்பொருள் செய்கிறவர்களே இதைக் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்?

இன்னொன்று, இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது. சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் குவிக்கும்போது யார் யார் பார்க்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அறிக்கைக்குத் தேவையில்லாத புலங்களை நான் கொண்டுவரவே இல்லை.

காஃப்கா (தரவு ஓட்டங்களைக் கடத்தும் தனி மென்பொருள்) போட்டிருக்கலாமே என்று ஒருவர் கட்டாயம் வருவார். போடலாம், அதைப் பராமரிக்க ஆள் இருந்தால். மூன்று கிளைப் பாமசிக்கு அந்த ஆளை வைக்க முடியாது. அறிக்கை மட்டும்தான் வேண்டும், தரவு வேறெங்கும் பயன்படாது என்றால் ஃபேப்ரிக் மிரரிங்கையும் (மைக்ரோசாஃப்டின் பகுப்பாய்வுத் தளத்துக்குத் தரவைப் பிரதியெடுக்கும் வசதி) பாருங்கள். அதற்கும் தொடர் காப்புப்பிரதி தேவை, ஐடி மோதலை அங்கேயும் நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

காஸ்மோஸ் டிபி கணக்கை உருவாக்கும்போது அதை எந்த ஏபிஐ (நிரல்கள் பேசும் முறை) வழியாக அணுகுவது என்று தேர்ந்தெடுப்பார்கள். மேலே சொன்னதெல்லாம் நோஎஸ்கியூஎல் ஏபிஐ கணக்குகளுக்கு. உங்களுடையவற்றில் ஏதேனும் மொங்கோ ஏபிஐ என்றால் சேஞ்ச் ஃபீடுக்குப் பதில் அதன் சேஞ்ச் ஸ்ட்ரீம் வழியாகப் போக வேண்டும். ரிக்வெஸ்ட் யூனிட் முறையில் இயங்கும் கணக்காக இருந்தால் நீக்கங்கள் அதிலும் வராது. எந்த வகை என்று கீழே எழுதினால், லீஸ் கண்டெய்னரையும் பார்ட்டிஷன் கீயையும் எப்படி அமைப்பது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.