பிரேக் பேடை வீட்டிலேயே மாற்றலாமா? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

“ஆல்டோ, 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பிரேக் மிதித்தால் முன்பக்கம் கீச்சென்று சத்தம். பட்டறையில் பேட், டிஸ்க் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். பேடை நானே மாற்றினால் காசு மிச்சமாகுமா?” – அஸ்தம்பட்டி வாசகர்

சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேட். முன் பேடை நீங்களே மாற்றலாம். ஆனால் கூலியில் மிச்சமாவது சில நூறு ரூபாய்தான். சக்கரத்தைக் கழற்றி நேரத்தோடு பார்த்து, நல்ல டிஸ்க்கை வீணாக்காமல் காப்பாற்றுவதில்தான் பெரிய மிச்சம் இருக்கிறது.

அந்தக் கீச் சத்தம் பெரும்பாலும் ஒரு எச்சரிக்கை. பல பேடுகளின் ஓரத்தில் சின்னத் தகடு ஒன்று வைத்திருப்பார்கள். லைனிங் (பேடில் தேயும் பகுதி) தேய்ந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். புதுப் பேடில் லைனிங் சுமார் 10 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். கீச் போய் கரகரவென்று ஆகிவிட்டால் லைனிங் தீர்ந்து இரும்பு இரும்பை அறுக்கிறது என்று அர்த்தம். அதற்கப்புறம் ஒரு நாள்கூட ஓட்டக்கூடாது.

டிஸ்க்கை மாற்றத்தான் வேண்டுமா என்பதை டிஸ்க்கே சொல்லும். எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவை அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். வெளி ஓரத்தில் தேயாத விளிம்பு ஒன்று எழும்பி நிற்கும், நகத்தை வைத்தால் தட்டும். அதை விட்டு உள்ளே தள்ளி மைக்ரோமீட்டரால் அளக்க வேண்டும். லேத் பட்டறையில் கேட்டால் அளந்து கொடுப்பார்கள். பொறித்த அளவுக்கு மேல் இருந்து, ஆழமான கோடோ விரிசலோ இல்லையென்றால் பழைய டிஸ்க்கே போதும்.

வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள். தூக்கியதும் வண்டியைத் தாங்கும் ஸ்டேண்ட் கொடுத்தே தீர வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான், அதை மட்டும் நம்பி உள்ளே கைவிட்டு வேலை செய்ய அல்ல. செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லாமல் நொறுங்கும். தயவுசெய்து வேண்டாம்.

பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினால் பேட் தெரியும். காலிப்பரை முழுதாகக் கழற்றினால் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். புதுப் பேட் தடிமனாக இருப்பதால், பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேட் ஒன்றை பிஸ்டன்மேல் வைத்து, சி கிளாம்ப்பை மெதுவாக முறுக்குங்கள். அந்த நேரத்தில் பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். மட்டம் ஏறிக்கொண்டே வரும். யாராவது ஏற்கெனவே விளிம்புவரை ஊற்றி வைத்திருந்தால் வழியும், வழிந்தது பெயின்ட்டை அரிக்கும். அதனால் முதலிலேயே ஊசி இல்லாத சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

ஒரு பக்கம் முடித்தபிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். எந்தக் கிளிப் எப்படி இருந்தது என்று குழம்பினால் கழற்றாத பக்கம் காட்டிக்கொடுக்கும். பேடிலோ டிஸ்க்கிலோ கிரீஸ், ஆயில் எதுவும் படக்கூடாது. உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள், நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துவிடுங்கள்.

முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். பிஸ்டனைத் தள்ளிவிட்டதால் முதல் மிதிக்குப் பெடல் தரைவரை போகும். பல வருஷங்களுக்கு முன் நான் இதை மறந்து வண்டியைப் பின்னால் எடுத்தேன். பிரேக் பிடிக்கவில்லை, வாசல் கேட்டில் போய் மோதி நின்றது. என் பிள்ளைகள் வழக்கமாக நிற்கும் இடம் அது. இப்போதும் காலிப்பர் வேலை முடிந்தால் என் கால் தானாகப் பெடலுக்குத்தான் போகிறது.

“பேட் புதுசு. ஆனாலும் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வளைவு தாண்டியதும் கருகிய வாடை, பெடலும் பஞ்சு மாதிரி ஆகிறது. ஏன்?” – நாகலூர் வாசகர்

வந்த கேள்விகளில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். உங்கள் பேடில் தப்பு இல்லை. பிரேக் ஆயிலையும், நீங்கள் போடும் கியரையும்தான் கவனிக்க வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஆட்களோடு 1,000 கிலோ எடையுள்ள கார் அந்த 1,200 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சுமார் 40 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இன்ஜின் அதில் பங்கு எடுத்துக்கொள்ளாவிட்டால் பெரும்பகுதி பிரேக்கில்தான் சூடாக இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4க்கு இதே கணக்கு 230, 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். மிதிக்கும்போது அந்தக் குமிழிதான் நசுங்கும், பேட் நகராது. உங்கள் பஞ்சு பெடல் பெரும்பாலும் இதுதான். பெடல் கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், அது பேட் சூடேறி வழுக்குவது.

ஆயிலை உடனே முழுதாக மாற்றுங்கள். டப்பா மூடியில் எந்த ரகம் போட்டிருக்கிறதோ அதுவே. அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, மலையில் குடியிருப்பவர் தள்ளிப்போடவே கூடாது. பிரேக் குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடமே விடுங்கள்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர். பிரேக்கில் காலை வைத்தபடியே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிடுங்கள். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறார்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரோடு காலை எடுத்து இறங்கினால் பெட்ரோல் கிட்டத்தட்ட போகவே போகாது, நியூட்ரலில்தான் போகும். குப்பனூர் வழிக்கும் தொப்பூர் கணவாய்க்கும் இதேதான். வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து அரை மணி நேரம் நிறுத்துங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணும்.

“பின் சக்கர டிரம் பிரேக்கையும் நானே பிரிக்கலாமா?” – கொண்டலாம்பட்டி வாசகர்

வேண்டாம். ஸ்பிரிங், அட்ஜஸ்டர், ஹேண்ட் பிரேக் கேபிள் என்று உள்ளே நிறைய இருக்கிறது. ஒன்று இடம் மாறினாலும் சக்கரம் பிடித்துக்கொள்ளும். அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

“இடது பக்க பேட் மட்டும் தேய்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதாதா?” – அம்மாப்பேட்டை வாசகர்

போதாது. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதைவிட, ஏன் ஒரு பக்கம் தேய்ந்தது என்று பாருங்கள். காலிப்பர் சறுக்கி நகரும் இரும்பு ஊசி (ஸ்லைட் பின்) இறுகியிருந்தால் இப்படித்தான் ஆகும். கழற்றித் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண சேஸிஸ் கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும். அந்த ஊசி சரளமாக நகர்ந்தும் தேய்மானம் தொடர்ந்தால் பிஸ்டன் பிடித்திருக்கிறது, பட்டறைக்குப் போங்கள்.

“டாஷ்போர்டில் பிரேக் லைட் எரிந்தது. ஆயில் ஊற்றினேன், அணைந்துவிட்டது. சரிதானே?” – செவ்வாய்பேட்டை வாசகர்

சரியில்லை. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் மட்டம் இறங்கும். லைட் உங்களைக் கூப்பிட்டது பேடைப் பார்க்கச் சொல்லி. இன்றே நான்கு சக்கரத்தையும் பாருங்கள். எங்காவது ஈரம் தெரிந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

“பேட் மாற்றி அடுத்த நாளே குடும்பத்தோடு ஏற்காடு போகலாமா?” – சூரமங்கலம் வாசகர்

பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும். விடியற்காலையில் ஆளில்லாத சமதள ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறவிட்டு இப்படி இருபது தடவை. அப்புறம் நூறு கிலோமீட்டர் ஊருக்குள் ஓட்டி, வீல் நட்டை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அந்த வார ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போங்கள். கோரிமேட்டைத் தாண்டி ஏற்றம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை பெடலை அழுத்திப் பாருங்கள். வழக்கத்தைவிட ஒரு விரல் ஆழம் போனாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள்.